லீடும் லிஃப்டும்

தை மாதக் கடைசி. காலை ஏழேகால் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், வீடு கட்ட நிலம் திருத்துவதற்காக ஜேசிபி வந்து நின்றது. ஓட்டிவந்த தம்பி இறங்கி, சாலையோரக் கடைக்குச் சாயா குடிக்கப் போய்விட்டான். எஞ்சினை அணைக்கவில்லை. அம்மா பழைய வீட்டுத் திண்ணையிலிருந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"சும்மா நிக்க வண்டி என்னத்துக்கு மக்கா இப்படி உறுமுது?"

ஒப்பந்த வேலைகளில் மேற்பார்வையாளனாக இருபத்திரண்டு வருடம் கழித்தவன் நான். எத்தனையோ வண்டிகள் இப்படி உறுமுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. வாடகை மணிக்கணக்கு. எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும், மீட்டர் ஓடினால் கூலி ஏறும். அணைத்தால் நஷ்டம் அவனுக்கு. அவ்வளவுதான் காரணம்.

அன்று மாலை ஒரு வேலை செய்தேன். காலையில் டாங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தோம். வேலை முடிந்ததும் மறுபடி விளிம்பு வரும்வரை கேனில் அளந்து ஊற்றச் சொன்னேன். 31 லிட்டர் பிடித்தது. மீட்டர் காட்டியது எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பக்கெட் உண்மையில் மண்ணில் இருந்தது ஐந்து மணி நேரம். அம்மா ரப்பர் ஷீட் எடையும் ஒட்டுப்பால் எடையும் எழுதிவைக்கும் நீள நோட்டு ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்தைத் திருப்பி இதை எழுதினேன்.

மறுநாள் பேச்சை மாற்றினேன். "தம்பி, மணி வேண்டாம். இந்த வேலை முழுக்க இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்வோம்." அவன் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சம்மதித்தான். அன்று மீட்டர் ஐந்தரை மணி நேரத்தோடு நின்றது. வேலை முந்தைய நாள் அளவேதான் நடந்தது. டீசல் 26 லிட்டர். சாயா குடிக்கப் போகும்போது சாவியை அவனே திருப்பி அணைத்தான், யாரும் சொல்லவில்லை.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். முதல்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதிலிருந்து எப்படி இரண்டே முக்கால் கிலோ? டீசலின் எடையில் பெரும்பங்கு கார்பன்தான். அது எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் எடை காற்று கொடுத்தது. ஆக, சும்மா உறுமாமல் இருந்ததில் நான் மிச்சம் பிடித்தது ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், பதின்மூன்று கிலோ சொச்சம்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கட்டுமான இடங்களில் புகையைக் குறைப்பது பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது எஞ்சினை அணையுங்கள் என்பதுதான். அணைக்க வேண்டியதுதான், பைசா செலவில்லாத காரியம். ஆனால் நோட்டில் மற்ற வரிகளை எழுத எழுத, இது கடுகளவு என்று தெரிந்துவிட்டது.

முதலில் அந்த விளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 42 சென்ட். சாலை மேல் பக்கம். அங்கிருந்து பின்னால் ஓடை வரைக்கும் பதினான்கு அடி இறக்கம். எங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. மலை முடிந்து கடல் தொடங்குவதற்குள் இருக்கும் கொஞ்ச தூரத்தில் நிலம் ஏறி இறங்கித்தான் கிடக்கும். பழைய ஆட்கள் அதற்கேற்பக் கையாலை என்ற தடுப்புச்சுவர் வைத்துப் படிப்படியாக விளையைப் பிரித்து, வீட்டையும் ஒரு படியில் வைத்தார்கள். இப்போது அப்படி இல்லை. வீடு சாலை மட்டத்துக்கு ஒரு அடி மேலே நிற்க வேண்டும். அது மரியாதைப் பிரச்சினை.

வீடு கட்டித் தர முதலில் பேசிய ஒப்பந்தக்காரரும் அதைத்தான் சொன்னார். மேல்பாதி 20 சென்டைச் சாலை மட்டத்துக்கு நிரப்பிவிடலாம், செம்மண் தான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். நோட்டை எடுத்தேன். 20 சென்ட் என்பது 8,712 சதுர அடி. சராசரி ஆழம் மூன்றரை அடி. 305 யூனிட் வருகிறது. யூனிட் என்றால் நூறு கன அடி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தோண்டிய மண் பொங்கும், லாரியில் வரும்போது பொலபொலவென்று இருக்கும், உருட்டி இறுக்கினால் அமுங்கும். அதற்குக் கால்பங்கு கூட்டினால் 380 யூனிட். மூன்று யூனிட் டிப்பருக்கு 127 நடை. மண் வெட்டும் இடம் 14 கிலோமீட்டர். போக வர 28. மொத்தம் 3,556 கிலோமீட்டர். ஏறக்குறைய கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குச் சாலை வழியே போய்ச் சேரும் தூரம், என் வீட்டுக்குக் கீழே போடும் மண்ணுக்காக! டிப்பர் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல். பரப்பி இறுக்க 200 லிட்டர். அங்கே அள்ளிப்போடும் வண்டியைச் சேர்க்காமலே 3 டன் கார்பன் டை ஆக்சைடு தாண்டிவிட்டது.

அதோடு முடிந்ததா? ஏழு அடி உயரத்துக்கு நிரப்பிய மண் ஓடைப்பக்கம் சரியாமல் இருக்கத் தாங்குசுவர் வேண்டும். தொண்ணூறு அடி நீளத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட். அவருடைய எஸ்டிமேட்டிலேயே சிமெண்ட் 200 மூட்டை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகிறது, சூளை எரிப்பது தனி. ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 30 கிலோ என்று வைத்தால் 6 டன். கொண்டுவரும் மண்ணைவிட, அந்த மண்ணைப் பிடித்துவைக்கும் சுவர் இரண்டு மடங்கு. கம்பிக் கணக்கு இன்னும் எழுதவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பழைய ரேட் புத்தகம் ஞாபகம் வந்தது. பொதுப்பணி எஸ்டிமேட் எழுதிய எவனுக்கும் லீடு, லிஃப்ட் என்ற இரண்டு சொற்கள் மனப்பாடம். லீடு என்றால் மண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறாய். லிஃப்ட் என்றால் எவ்வளவு உயரம் தூக்குகிறாய். மத்திய பொதுப்பணித் துறையின் அட்டவணையில் மண்வேலைக்கு 50 மீட்டர் லீடும் ஒன்றரை மீட்டர் லிஃப்டும் அடிப்படை விலைக்குள் அடக்கம். அதற்கு மேலே போனால் தனிக் காசு. கூடையும் மம்மட்டியுமாக ஆட்கள் வேலை செய்த காலத்தின் கணக்கு அது. மனுஷன் தலையில் சுமந்தபோது ஒவ்வொரு அடியும் வலித்தது, அதனால் எழுதிவைத்தான். இயந்திரம் வந்தது, வலி போய்விட்டது, தூரமும் உயரமும் யார் கண்ணிலும் படாமல் போயின. புகையைக் குறைக்கப் புதிதாக ஒரு சாஸ்திரமும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. லீடையும் லிஃப்டையும் மறுபடி எண்ணினால் முக்கால்வாசி வந்துவிடும்.

சரி, அப்படி எண்ணி என்ன செய்தேன்? வீட்டை மூன்று தட்டாகப் பிரித்தேன். மேல் தட்டு சாலை மட்டத்தில், அடுத்தது இரண்டரை அடி கீழே, அதற்கடுத்தது இன்னொரு இரண்டரை அடி கீழே. ஒவ்வொரு தட்டிலும் மேட்டில் வெட்டியது அதே தட்டின் பள்ளத்துக்குப் போதும்படி மட்டம் வைத்தேன். மூன்று இரவு கிராஃப் தாளோடு உட்கார்ந்ததில் வெட்டும் நிரப்பும் 55 யூனிட்டில் சமமாகியது. வெளியிலிருந்து ஒரு லோடும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. மிக நீளமான நகர்த்தல் அறுபது அடி. பழைய கூடைக்காரர்களின் 50 மீட்டருக்குள் அடங்கிவிட்டது.

படிகள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது என்று அக்கா சண்டைக்கு வந்தாள். நியாயம்தான். அதனால் அம்மாவின் அறை, அடுக்களை, முன்வாசல் மூன்றையும் மேல் தட்டிலேயே வைத்தோம். கீழே இறங்க வேண்டியவன் நான், எனக்கு இன்னும் முழங்கால் இருக்கிறது.

சின்ன வயதில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்க எங்களைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போவார்கள். பறளியாற்றுப் பள்ளத்தின் மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களில், ஒரு கால்வாய் நடந்து போகும். 1966-இல் கட்டியது. பள்ளத்தை மண்ணால் தூர்த்துக் கரை போடாமல், தண்ணீரைக் காலில் நிறுத்திக் கடத்திவிட்டார்கள். கீழே ஆறும் மரங்களும் இருந்தபடி இருக்கின்றன. கான்கிரீட்டுக்கும் புகை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பள்ளத்தைக் கண்டதும் நிரப்பத் தோன்றாத ஒரு தலைமுறை எஞ்சினியர்கள் இங்கே இருந்தார்கள் என்பதை அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

டீசல் கணக்கில் திருப்தியாக இருந்தபோது மரக்காரர் வந்தார். அவர் வந்துதான் என் நோட்டைக் கெடுத்தார்.

விளையில் முப்பது வருடப் பழைய ரப்பர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது இருபதுக்கு மேல் மரங்கள் பாதியில் முறிந்து விழுந்தன. மீதியில் வீட்டுக்காக 31 மரங்களை வெட்டினோம். ரப்பர் தடியை எடைக்குத்தான் வாங்குவார்கள். எடைமேடைச் சீட்டில் 14 டன். "பச்சைத் தடி அண்ணாச்சி, பாதி தண்ணி" என்றார் அவர். அதைச் சொல்லியதும் எனக்குள் கணக்கு ஓடிவிட்டது. காய்ந்தால் 7 டன். காய்ந்த மரத்தில் பாதி கார்பன், மூன்றரை டன். அது முழுக்க எரிந்தோ மக்கியோ போனால், ஆக்சிஜன் சேர்ந்து கிட்டத்தட்ட 13 டன் கார்பன் டை ஆக்சைடு. நான்கு நாளில் ஜேசிபி குடித்த டீசல் மொத்தம் 108 லிட்டர், 290 கிலோ. மரம் அதைப்போல நாற்பது மடங்கு. வேரும் கிளையும் இந்த எடையில் சேரவே இல்லை.

நிலம் திருத்தும் வேலையில் புகை என்றால் எல்லோரும் சைலன்ஸரைப் பார்க்கிறோம். பெரும்பாகம் சைலன்ஸர் வழியாக வெளியேறுவதில்லை. உலகம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விவசாயம், காடழிப்பு, நிலத்தை மாற்றுவது ஆகியவற்றிலிருந்து வருகிறது என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழு சொல்லும் கணக்கு. என் 42 சென்டில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

ரப்பருக்கு ஒரு சமாதானம் உண்டு. பால் வற்றியதும் எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டிய இடத்தில் கன்று வைத்தால் முப்பது வருடத்தில் அதே கார்பனைத் திரும்பப் பிடித்துவிடும். ஆனால் வீடு நிற்கும் இடத்தில் கன்று முளைக்காது. அதனால் இரண்டு காரியம் செய்தேன். வீட்டுப் படத்தைப் பத்தடி தள்ளிப்போட்டு மூலையில் நின்ற அயினியைக் காப்பாற்றினேன். அது அம்மா கல்யாணமாகி வந்தபோதே பெரிய மரம். ("அதைத் தொட்டா நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று அவள் சொன்னது கார்பனை நினைத்தல்ல.) கீழ்ப்பாதியில் ஒரு மரத்தையும் தொடவில்லை. இரண்டாவது, தடியை யாருக்கு விற்பது என்பது. செங்கல் சூளைக்குப் போனால் அந்த 13 டன் மாசி முடிவதற்குள் காற்றில் இருக்கும். மருந்தேற்றிப் பலகையாக்கி மேசை நாற்காலி செய்யும் இடத்துக்குப் போனால் இருபது முப்பது வருடம் யாரோ ஒருவர் வீட்டு மூலையில் இருக்கும். நேரான தடிகளை அப்படிப் பிரித்து விற்றேன். டன்னுக்குக் காசும் கூடுதலாகவே கிடைத்தது. வளைந்ததும் கணுவும் விறகுக்குத்தான் போயின, அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கிளையையும் இலையையும் என்ன செய்வது? "தீ வச்சிரலாம்ணே, அரை மணி நேரத்துல தீந்துரும்" என்றான் தம்பி. அது வேண்டாம் என்றதும் அடுத்த யோசனை சொன்னான், கீழ்த் தட்டுப் பள்ளத்தில் தள்ளி மேலே மண்ணைப் போட்டுவிடலாம் என்று. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு விறைத்துவிட்டது.

மார்த்தாண்டம் பக்கம் என் சித்தி மகன் பதினைந்து வருடம் முன்னால் ஏலாவில், அதாவது நெல் வயல்வெளியில், வாங்கிய 10 சென்டை நிரப்பி வீடு கட்டினான். நிரப்பிய ஆள், எங்கேயோ வெட்டிய வாழைத் தண்டு, மூட்டு, தழை எல்லாவற்றையும் அடியில் தள்ளி மேலே நான்கடி மண் போட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்றாவது வருடம் கூடத்துத் தரை ஓர் ஓரமாக இறங்கியது. மழைக்காலத்தில் பின்வாசல் சேற்றில் குமிழி வரும், ஒரு மாதிரி அழுகிய வாடை. காற்றுப் புகாத ஈரத்தில் தழை அழுகினால் கார்பன் டை ஆக்சைடு மட்டும் வராது, மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 27 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், தரையைப் பெயர்த்து மறுபடி போட்ட செலவே போதும்.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர் மடக்கினார். நெல் வயலிலும்தான் மீத்தேன் வருகிறது, நிரப்பினால் நின்றுவிடுமே என்று. வருகிறது, மறுப்பதற்கில்லை. தண்ணீரை விட்டு விட்டுக் காயப்போட்டுப் பாய்ச்சினால் அது கணிசமாகக் குறையும், அதற்கு ஒரு டிப்பரும் தேவையில்லை. திருவிதாங்கூருக்கு நெல் கொடுத்த நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு, வயலை மூடுவதற்கு மீத்தேனைச் சாட்சிக்குக் கூப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை.

கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகப் போட்டோம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மண் ஓடைக்குப் போகாமல் அவை பிடித்துக்கொள்ளும், மெதுவாக மக்கும், காற்றுப் படுவதால் மீத்தேன் வராது. தோண்டும்போது கிடைத்த கல்லைக் கொண்டு தட்டுகளுக்கு நடுவே கையாலை வைத்தோம், சிமெண்ட் இல்லாமல். கையாலை வைக்கத் தெரிந்த ஆள் கிடைக்கத்தான் மூன்று வாரம் ஆனது. கிடைத்தவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

மேல்மண் விஷயத்தில் மட்டும் தம்பியோடு முழு நாள் மல்லுக்கட்டினேன். மேலே ஒரு முக்கால் அடிக்குக் கருப்பாக இருப்பது முப்பது வருடம் விழுந்த ரப்பர் இலை. அதை முதலில் சுரண்டித் தனியாகக் குவிக்க வேண்டும், அடியிலிருக்கும் செம்மண்ணோடு கலக்கக் கூடாது. உலகத்தின் காற்றிலும் செடிகொடிகளிலும் இருக்கும் கார்பனைக் கூட்டினாலும் மண்ணுக்குள் இருப்பது அதைவிட அதிகம், அதில் செழிப்பான பகுதி இந்த மேல் அடுக்கு. புரட்டிப் போட்டு வெயிலில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று காற்றில் விட்டுவிடும். "ரெண்டு தடவ வேலைண்ணே" என்று அலுத்துக்கொண்டான். ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, மேலே பயறு தூவிவிட்டோம். சித்திரையில் அது பச்சைக் குன்று மாதிரி இருந்தது. அதை முற்றத்துக்குத் திருப்பிப் பரப்பியபின் இப்போது அம்மா அதில் மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கிறாள்.

மழை வருவதற்கு முன் தை மாசியிலேயே வேலையை வைத்துக்கொண்டதும் உதவியது. சேற்றில் சக்கரம் சுழன்றால் டீசல் எரியும், மண் நகராது.

ஒரு வீட்டுக்கே இப்படியென்றால் சாலைக்கு? எங்கள் மாவட்டத்தின் நான்கு வழிச்சாலை நிரப்ப மண் கிடைக்காமல் இழுத்தடித்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வயலும் குளமும் குறுக்கிடும் தாழ்ந்த நிலத்தில் உயரக் கரை கட்டினால் மண் தேடித்தான் அலைய வேண்டும். வழித்தடம் எது, கரை எத்தனை அடி உயரம் என்பது படம் வரைகிற மேசையில் முடிவாகிறது. அந்த உயரத்தில் ஒரு அடியைக் குறைத்தால் மிச்சமாவதை, பிறகு களத்தில் ஆயிரம் ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்தாலும் பிடிக்க முடியாது. அனல்மின் நிலையச் சாம்பலை மண்ணுக்குப் பதிலாகக் கரைக்குள் போடலாம், நாட்டில் பல இடங்களில் போடுகிறார்கள், பக்கத்தில் தூத்துக்குடியிலேயே சாம்பல் உண்டு. அதற்கும் லீடு பார்க்க வேண்டும்.

மின்சார இயந்திரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: நார்வேயில் ஆஸ்லோ நகராட்சி 2025 தொடக்கத்திலிருந்து தன்னுடைய கட்டுமான வேலைகளில் புகையில்லா இயந்திரங்களைக் கேட்கிறது. நல்லது, இங்கேயும் வரட்டும். மரத்தையும் மேல்மண்ணையும் மின்சாரத்திலும் அழிக்கலாம்.

வீடு பால் காய்ச்சி ஆறு மாதம் ஆகிறது. சாலையில் போகிறவர்கள், "என்ன, வீடு குழிக்குள்ள இறங்கிப் போகுதே" என்று கேட்பதுண்டு. போன வாரம் பக்கத்து விளையை ஒருவர் வாங்கினார். மரங்களை இரண்டே நாளில் சாய்த்து, கிளைகளை எரித்துவிட்டு, சாலை மட்டத்துக்கு நிரப்பத் தொடங்கிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் டிப்பர்கள் வருகின்றன. வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம், பிறகு மண் சரியும் சத்தம். முதல் நாள் எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன். நேற்று ராத்திரி திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"எத்தர ஆச்சு?"

"அறுபத்தொண்ணு."

"நம்ம வீட்டுக்கு எத்தர வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிப்பர், முன்னால் நின்ற வண்டி நகருவதற்காக எங்கள் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"சாயா ஆறிருது, குடி" என்றாள். பிறகு மெல்ல எழுந்து, ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல வாசலுக்குப் போனாள்.